ரைனின் மறுகரையில் ஆறு மணித்தியாலம்

சுவிஸில், பாசல் துறைமுகத்தில் கப்பல் கூட்டிப் பிழைத்த காலம் ஒன்று எனக்கு இருந்தது. கப்பல் என்றால் கடல் கப்பல் இல்லை. ரைன் ஆற்றில் ஏறியும் இறங்கியும் ஓடுகிற நீளமான சரக்குக் கப்பல்கள். ஒரு கப்பல் சோயாவைக் கொண்டுவந்து கொட்டும். அடுத்த தடவை அதே கிடங்கில் வேறெதையாவது ஏற்றவேண்டும். அதற்கு முன் யாராவது உள்ளே இறங்கி மூலை மூலையாகச் சுரண்டிக் கூட்டவேண்டும். அந்த யாராவது நாங்கள்தான். தொண்ணூறுகளின் முதற்பாதி அது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அங்கே சவளும் தும்புத்தடியும் கிடைத்ததே பெரிய காரியம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தத் தூசியில் பிடித்த இருமல் நின்றபாடில்லை.

என்னோடு வேலை செய்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சாவகச்சேரிப் பக்கம். அண்ணை என்று கூப்பிடுவேன். இரும்புக் கிடங்குக்குள் சவளால் சுரண்டினால் எழும் சத்தம் மண்டையைப் பிளக்கும். அதைவிட எனக்குத் தானியத்தில் இருக்கும் வண்டைப் பற்றித்தான் பயம். காதுக்குள் போனால் என்ன செய்வது? அதனால் இரண்டு காதிலும் இறுக்கமாகப் பஞ்சு வைத்துக்கொள்வேன்.

“உன்ரை தலைக்குள்ளை போய் அது என்னத்தைத் தின்னப்போகுது?” என்பார் அண்ணை. “பட்டினியிலை தானா வெளியிலை வந்திடும்.”

எனக்குச் சிரிப்பு வராது. வண்டு ஒரு கவலை என்றால், என் விசாரணை ஒன்பது கவலை. அகதி விண்ணப்பம் போட்டு, முகாமில் ஒரு சின்ன விசாரணை முடிந்து, இரண்டு வருடத்துக்குப் பிறகு பெரிய விசாரணைக்குத் திகதி வந்திருந்தது. அதில்தான் இருக்க விடுவதா, கொழும்புக்கு ஏற்றுவதா என்று முடிவெடுப்பார்கள். முகாமில் எங்களுக்கு முதன்முதலாகச் சொல்லித்தந்த பாடம், முடிவு வரும்வரை நாட்டெல்லையைத் தாண்டக்கூடாது என்பது. தாண்டினால் கேஸை நீயே கைவிட்டதாக எழுதிவிடுவார்கள். பாசலில் இது சின்னப் பயம் இல்லை. துறைமுகத்துக்குச் சற்றுக் கீழே வலக்கரை ஜெர்மனி, இடக்கரை பிரான்ஸ். நான் அந்தப் பக்கம் நடக்கவே மாட்டேன்.

விசாரணைக்கு முதல்நாள் காலை. முன்கிடங்கைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். அண்ணை சிகரெட் பிடிக்க மேலே ஏறிக் கரைக்குப் போனார். நான் குனிந்தபடி சுரண்டினேன். ஒரு கட்டத்தில் காலடியில் இரும்பு அதிர்ந்தது. தண்ணீர் இறைக்கும் பம்பாக்கும் என்று நினைத்தேன். மூலையை முடித்துவிட்டு ஏணியில் ஏறித் தலையை வெளியே நீட்டினால், எங்கள் கரையில் நின்ற சைலோவை, அந்தத் தானியக் கோபுரத்தைக் காணவில்லை. வேறொரு கரை. வேறொரு கட்டடம். அதன் மேல் கறுப்பு, சிவப்பு, மஞ்சளில் ஜெர்மன் கொடி.

நடந்தது இவ்வளவுதான். மறுகரையில் சரக்கு ஏற்றும் இடம் முன்னதாகவே காலியாகிவிட்டது என்று கப்பல்காரருக்கு ரேடியோவில் சொன்னார்களாம். ஊதுகுழலை ஊதினாராம். அண்ணை கரைக்குப் போவதைக் கண்டு, இரண்டு பேரும் இறங்கிவிட்டோம் என்று நினைத்துக் கயிற்றை அவிழ்த்தாராம். என்னைக் கண்டதும் முதலில் திகைத்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். நாலு மணிக்கு ஏற்றி முடித்து மேலே பாசலுக்குத்தான் திரும்புகிறோம், “கைன் புரொப்ளேம்” என்றார்.

அந்த நாட்டில் என்னை ஆகக் கோபப்படுத்திய சொல் அது. பிரச்சினை இல்லையாம். யாருக்கு? அந்த மனிதர் ஒரு நாளில் மூன்று நாட்டுக் கரையில் கயிறு கட்டுகிறவர். கரையில் இறங்கி அரை மணித்தியாலம் நடந்தால் எல்லைச் சாவடி. அதில் போய் அகதி அட்டையை நீட்டி, ஜெர்மனியில் இருந்து வருகிறேன் ஐயா என்று சொல்லவா? மணி பத்து. மனதுக்குள் கொழும்பு விமானத்தில் ஏறி இறங்கிவிட்டேன்.

கப்பல்காரரின் மனைவி என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கேதான் அவர்கள் குடியிருந்தார்கள். ஒரு கட்டில் அறை, ஒரு குசினி, சன்னலில் பூப்போட்ட திரை, வாளியில் இரண்டு தக்காளிச் செடி. நிலத்தில் அவர்களுக்கு வீடே இல்லை. கடிதங்கள் அவருடைய தங்கையின் விலாசத்துக்குப் போகும். இரண்டு பிள்ளைகளும் ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊரொன்றில், கப்பல்காரரின் பிள்ளைகளுக்கான விடுதியில் இருந்தார்கள். கப்பல் அந்த ஊரைச் சனி, ஞாயிறில் கடந்தால் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை கடந்தால் பார்க்க முடியாது. பெரிய கொம்பனிகளின் கப்பல்கள்தான் முதலில் சரக்கை அள்ளுகின்றன, தாங்கள் வரிசையில் நாட்கணக்காகக் கிடக்கிறோம் என்று பாத்திரத்தைத் தடார் தடார் என்று வைத்தபடி சொன்னார். என்னுடைய அரைகுறை ஜெர்மனுக்கு அந்தத் தடாரே பாதி விளக்கம்.

அவரும் கப்பலில் பிறந்தவர்தான். கப்பல் நிற்கிற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள், அடுத்த ஊரில் மூன்று நாள். எத்தனையாம் வகுப்பு வரை என்று என்னைக் கேட்டார். எட்டு விரலைக் காட்டினேன். அவர் ஏழு விரலைக் காட்டிவிட்டு, யோசித்து, ஒரு விரலைப் பாதி மடக்கினார்.

மத்தியானம்போல ஜெர்மன் ஆற்றுப் பொலிஸ் படகு ஒன்று வந்து பக்கத்தில் அணைந்தது. ஒளிய இடம் தேடி எழும்பினேன். கப்பல்காரரின் மனைவி என் தோளில் அழுத்தி உட்காரவைத்து, கத்தியையும் உருளைக்கிழங்குச் சட்டியையும் முன்னால் தள்ளினார். இரண்டு பேர் ஏறி வந்து மேலே கடதாசி பார்த்தார்கள். அவர் வாசலில் நின்றபடி மழையைப் பற்றி அவர்களோடு கதைத்தார். போகும்போது ஒருவன் சன்னலால் எட்டிப் பார்த்து, என்னை நோக்கிக் கையை உயர்த்தினான். நானும் கத்தியோடு கையை உயர்த்தினேன். பிறகு பார்த்தால் உருளைக்கிழங்கெல்லாம் நெல்லிக்காய் அளவுக்குச் சீவிக் கிடக்கிறது.

நாலு மணிக்குக் கப்பல் திரும்பியது. துறைமுகத்தில் அண்ணை நான் கரையில் விட்டிருந்த உடுப்புப் பையைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்.

“டேய் விசரா, தொண்டை கிழியக் கத்தினனான். உனக்குக் கேக்கேல்லையோ?”

காதைக் காட்டினேன்.

“அந்தப் பஞ்சைக் கொண்டுபோய் வாயிலை வை. நாளைக்கு அங்கை ஒண்டும் சொல்லிப்போடாதை. ஆருக்கும் தெரியாது.”

“அந்தப் பொலிஸ்காரன் கண்டவன் அண்ணை.”

“கண்டால்? உன்ரை மூஞ்சையைப் படம் கீறியே பேர்னிலை இருக்கிற அகதிக் கந்தோருக்கு அனுப்பப்போறான்?”

அவர் சொன்னது சரி. ஆனால் என் மூளை அப்படி வேலை செய்வதில்லை. அவன் எழுதிவைத்திருந்தால்? நான் மறைத்தது தெரியவந்தால், ஊரில் ஆமி என்னைப் பிடித்ததும் அடித்ததும்கூடப் பொய் என்று ஆகிவிடுமே? விடியும்வரை இதையே அரைத்தேன்.

விசாரணை அறையில் ஒரு அதிகாரி, தட்டச்சு செய்யும் ஒரு பெண், ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. நான்கு மணித்தியாலம் கேட்டார்கள். பிடித்த நாள், வைத்த இடம், விட்ட நாள், யார் யார் இருந்தார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஆனால் என் கண்ணுக்குள் அந்தச் சன்னலும் உயர்த்திய கையும்தான் நின்றன. கடைசியாக, வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்றார்கள்.

“ஓம்,” என்றேன். “நேற்று நான் ஜெர்மனிக்குப் போயிட்டன்.”

மொழிபெயர்ப்பாளர் பேனாவை வைத்தார். “என்ன தம்பி சொல்லுறீர்?”

கப்பல், பஞ்சு, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நெற்றியைத் தேய்த்துவிட்டு அதிகாரியிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். அதில் கப்பல் என்பதற்கான சொல் ஒரு தடவை காதில் விழுந்தது. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்து இரண்டு சொல்லில் பதில் சொன்னார். தட்டச்சுச் சத்தம் வரவில்லை. பிறகு எழுதியதையெல்லாம் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். கடைசி வரி: வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

“அண்ணை, நான் சொன்னனானெல்லோ?” என்றேன் மொழிபெயர்ப்பாளரிடம்.

“கையெழுத்தை வையும் தம்பி. ஒவ்வொரு பக்கத்துக்கும்.”

வைத்தேன். ஒவ்வொரு பக்கமாக வாசித்துக் காட்டும்போதும் என் காது அந்த ஒரு கதைக்காகத்தான் காத்திருந்தது. மற்றதை நான் கேட்கவேயில்லை.

நிராகரித்த கடிதம் ஐந்து மாதத்தில் வந்தது. அண்ணைக்குத் தெரிந்த பெடியன் ஒருவன் வாசித்துச் சொன்னான். முதல் விசாரணையில் ஆமி பிடித்தது சித்திரை மாதம் என்றேனாம், இரண்டாவதில் ஆவணி என்றேனாம். ஆகவே நம்பமுடியாதாம். கப்பலைப் பற்றி ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். அவன் இரண்டு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்றான்.

சித்திரைதான். என் முதுகுக்குத் தெரியும் சித்திரை என்று. ஆவணி எங்கிருந்து என் வாயில் வந்தது? மேன்முறையீடு, வக்கீல், இன்னும் மூன்று வருடம் என்று அந்த ஒரு மாதத்தைத் திருத்தப் போனது. எதற்காகப் பயந்தேனோ அதை அவர்கள் எழுதவே இல்லை. அதற்குப் பயந்துகொண்டிருந்த நேரத்தில் சொன்னதை மட்டும் எழுத்துக்கு எழுத்து எழுதியிருந்தார்கள், கீழே என் கையெழுத்தோடு.