பூத்துப் போச்சு மாப்ள!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கொடைரோடு பக்கம் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தோம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கொஞ்சம் நிலம், முழுக்க மல்லிகை.

வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினால்... தோட்டமே வெள்ளை! வாசனை வந்து ஆளைத் தள்ளுகிறது. எத்தனை வருடமாக வந்து போகிறேன் - ஒரு நாளும் இப்படிப் பார்த்ததில்லை. எப்போது வந்தாலும் பச்சைப் புதர்தான் தெரியும்.

சும்மா இருப்பேனா? நாலு புத்தகம் படித்தவன் வேறு. “நட்சத்திரமெல்லாம் இறங்கி வந்து...” என்று ஆரம்பித்துவிட்டேன். மனைவியைச் செடிகளுக்கு நடுவே நிறுத்திப் போட்டோ எடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் எடுக்கும் போட்டோவில் அவள் சிரிக்காதது புதிதல்ல என்பதால் கண்டுகொள்ளவில்லை.

மச்சான் மெதுவாக நடந்து வந்தார். “வாங்க மாப்ள. பூத்துப் போச்சு.”

வீடு தீப்பிடித்துவிட்டது என்று சொல்லும் குரல்.

“பூத்தா நல்லதுதானே மச்சான்?”

என் மனைவி பல்லைக் கடித்தாள். “செத்த நேரம் வாய மூடிட்டு இருக்கீங்களா?”

அப்புறம்தான் விளங்கியது. மல்லிகையை மொட்டாகப் பறிக்க வேண்டும். விடிவதற்கு முன் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். அது விரிய வேண்டிய இடம் கோயில், இல்லையென்றால் யாரோ ஒருத்தியின் கூந்தல். செடியிலேயே விரிந்தால் குப்பை. ஒழுங்காக நடக்கிற மல்லிகைத் தோட்டத்தில் சாயங்காலம் பூவே இருக்காது! பூத்துக் குலுங்கினால்... அன்றைக்கு அந்த வீட்டில் யாரோ தோற்றுப்போயிருக்கிறார்கள்.

எனக்கு இந்தத் தப்பு புதிதா என்ன? ஒட்டன்சத்திரம் போகும் வழியில், விலை போகாமல் ரோட்டோரம் கொட்டிக் கிடந்த தக்காளியைப் பார்த்து ‘சிவப்புக் கம்பளம்’ என்று வர்ணித்தவன்தானே நான்! நாம் ரசித்து உருகும் அழகில் பாதி, யாரோ ஒருவர் கைவிட்டதாக இருக்கிறது.

“பறிக்க ஆளில்ல மாப்ள” என்றார் மச்சான். “வந்துக்கிட்டிருந்த பொம்பளைக எல்லாம் இப்ப மில்லு வேலைக்கு வேன் ஏறிருதுக. நானும் அவளும் எம்புட்டுத்தான் பறிக்க? வெள்ளிக்கிழமை டிராக்டர் சொல்லியிருக்கேன். அழிச்சுட்டு மக்காச்சோளம் போட்ருவோம்.”

காபியோடு வந்த அவர் மனைவி பாண்டியம்மா அப்படியே நின்றாள். “அம்புட்டையும் ஏன் அழிக்கணும்? பாதிய விடுங்க. நான் பாத்துக்கிறேன்.”

“ஆமா, நீ பாத்துக்கிருவ! காலையில கெணத்தடி வரைக்கும் நிமிந்து நடந்தியா?”

“நீங்க மட்டும் ஓடுனீங்களாக்கும்!”

இருவரும் சிரிக்கவில்லை.

பாண்டியம்மா டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுத் தோட்டத்தைப் பார்த்தாள். “வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து பறிக்கிறேண்ணே. தப்பிச்ச பூ ஒண்ணு ரெண்டு பாத்திருக்கேன். மொத்தமா விரிஞ்சு இன்னைக்குத்தான் பாக்குறேன். அழகாத்தான் இருக்கு... பாக்கக் கூடாதத பாத்த மாதிரியும் இருக்கு.”

என் நட்சத்திரங்கள் எல்லாம் அணைந்துபோயின.

“நீங்க சொல்லுங்கண்ணே. உங்க பேச்சுன்னா கேப்பாரு. பாதி இருக்கட்டுமே?”

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் என் தோளைப் பிடித்து மோட்டார் ரூம் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார். “படுத்தா முதுகு வலியில அழுகுறா மாப்ள. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. செடின்னு ஒண்ணு இருந்தா அவ குனியத்தான் செய்வா. அவளுக்கு ஏத்துக்கிட்டு எதையாச்சும் சொல்லிராதீங்க.”

“இத பாண்டியம்மாகிட்டயே சொல்லலாமே மச்சான்?”

“அட போங்க மாப்ள! இதெல்லாமா சொல்லிக்கிட்டு...”

திரும்பி வந்தோம். பாண்டியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ரெண்டு பேரும் நல்லா யோசிச்சுச் செய்ங்க.”

மேடைகளில் தலைமை தாங்கித் தாங்கி வந்த பழக்கம். வாக்கியம் முழுசாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. பாண்டியம்மா தலையாட்டினாள். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பூவுக்கு அத்தனை வார்த்தை செலவழித்தவனுக்கு, ‘உன் முதுகுக்காகத்தாம்மா அழிக்கிறார்’ என்று ஒரே ஒரு வரி வரவில்லை. சொல்லியிருந்தால் தோட்டம் பிழைத்திருக்குமா? தெரியாது. ஒருவேளை அவளே அழிக்கச் சொல்லியிருக்கலாம். அப்போது அது அவள் முடிவாக இருந்திருக்கும் இல்லையா?

சொன்னபடி வெள்ளிக்கிழமை டிராக்டர் வந்தது.

போன வாரம் போன் போட்டேன். பாண்டியம்மாதான் எடுத்தாள். “மக்காச்சோளம் நல்லா மொளச்சிருக்குண்ணே. முதுகும் பரவால்ல.”

“இனிமேலாச்சும் நிம்மதியாத் தூங்கலாம்மா.”

அவள் சொன்னாள்.

“விடியுறதுக்கு முந்தியே முழிப்பு வந்துருதுண்ணே. உங்க மச்சானும் முழிச்சுத்தான் கெடக்காரு. ரெண்டு பேரும் தூங்குற மாதிரியே படுத்திருக்கோம்.”

மூன்று பேரில் ஒருவராவது அன்றைக்கு மனசில் இருந்ததைச் சொல்லியிருக்கலாம்... அதில் ஒருவனுக்குப் பேசுவதுதான் பிழைப்பே!