இருபத்தோரு இஞ்சி

நான் எழுதுகிற ஆள் இல்லை. பள்ளியில் சாதாரண தரம் வரைதான் படித்தேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லக்கூட வாய் வராது. அப்படிப்பட்டவள் எழுத வந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்காவிட்டாலும் எழுதத்தான் போகிறேன். போன மாதம் ஹட்டனில் ஒரு கடையில் நான் சொல்லாமல் விட்டு வந்த பதில் இன்னும் நெஞ்சிலேயே கிடக்கிறது.

மகளின் படிப்புக்கும், என் தையல் மாதிரிகளைப் பார்க்கவும் கணினிக்கு ஒரு திரை வாங்கப் போயிருந்தோம். கடைத் தம்பி நல்லபடியாகத்தான் விளக்கினார். உட்கார்ந்து கையை நீட்டினால் திரை விரலில் பட வேண்டுமாம். அந்தத் தூரத்துக்கு இருபத்திரண்டு அங்குலம், மிஞ்சினால் இருபத்துநான்கு. அதற்கு மேல் போனால் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டிவரும். நான் இருபத்தேழைக் காட்டினேன்.

"வீட்டுப் பாவனைக்கு எதுக்கும்மா இவ்வளவு பெருசு?" என்றார்.

இப்போதெல்லாம் ஊசியில் நூல் கோர்க்க மகளைத்தான் கூப்பிடுகிறேன். அதை அங்கே சொல்லவில்லை. அதையே கட்டித் தாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

தலவாக்கலைக்கு மேலே இருக்கும் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்குக் கரண்ட் வந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. அதுவரை கடைசிக் காம்பரா என்கிற ஒற்றை அறையில் இருந்தவர் பற்றரியில் ஓட்டிய சின்ன டிவிதான் லயம் முழுவதற்கும். வெள்ளிக்கிழமை படம் போட்டால் அம்மா என்னைப் பக்கத்தில் இருத்திக்கொள்வாள். "இப்ப அழுவுறது யாருடி? மகளா, மருமகளா?" என்று காதோடு கேட்பாள். நான் சொல்வேன். கதையில் கவனமில்லாத அம்மாவுக்கு நான்தான் படம் காட்டுகிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்த நாட்களில் அம்மாவின் கொழுந்துக் கூடையில் முத்தல் இலை கிடக்கிறது என்று கங்காணி அடிக்கடி சத்தம் போடுவார்.

சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் அம்மா டிவி வாங்க வேண்டும் என்றாள். அவளுடைய அண்ணன், அதாவது எங்கள் மாமா, டவுனில் ஒரு சாமான் கடையில் வேலை செய்தார். அளவு சொல்வதென்றால் அவருக்கு உயிர். வந்தவர் காம்பராவைக் காலடியால் அளந்தார். பத்தடிக் காம்பராவுக்குப் பதினாலு இஞ்சி (அங்குலம் எங்கள் வாயில் இஞ்சிதான்), அதற்கு மேல் கண்ணுக்குக் கெடுதல் என்று முடித்துவிட்டார்.

"எனக்கு இருபத்தோரு இஞ்சிதான் வேணும்ண்ணே."

"இது என்னா, தொரை பங்களான்னு நெனைப்பா? மூஞ்சியில வந்து மோதும்."

"மோதட்டும். ஒங்க மூஞ்சியிலயா மோதுது?"

அண்ணனுக்கு எதிரே அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அப்பா வெற்றிலையை மடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அப்பா மாமாவின் கடைக்குப் போய் இருபத்தோரு இஞ்சியை அளந்து வந்தார். அளக்க அவர் கொண்டுபோனது அம்மாவின் மட்டக்கம்பு. தேயிலைச் செடியின் மேல் கிடத்தி மட்டம் பார்த்துக் கொழுந்து எடுக்கிற கம்பு அது. அதில் கத்தியால் ஒரு கீறல் போட்டுக்கொண்டு வந்து, பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் சுவரோடு ஒரு தட்டு அடித்தார். செடியை அளக்கிற மாதிரியே குறுக்குவாட்டில் மட்டும் அளந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் டிவி வந்து இறங்கியபோதுதான் பின்பக்கத்தைப் பார்த்தோம். கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிய மாதிரி பின்னால் ஒரு பொதி. தட்டில் பாதிகூட நிற்கவில்லை. மாமா இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். பதினாலு இஞ்சி என்றால் அழகாக உட்கார்ந்திருக்கும், இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, மாற்றித் தருகிறேன் என்றார். அப்பாவும் மாற்றலாம் என்ற முகத்தோடுதான் நின்றார். வாசலில் லயமே கூடிவிட்டது.

அம்மா காம்பராவை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"கட்டிலைத் தூக்கி வெளிய போடுங்க," என்றாள்.

எங்களிடம் இருந்த ஒரே கட்டில் அது. அவள் கல்யாணத்துக்கு மாமா வாங்கிக் கொடுத்தது. மாமா சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"அப்ப எங்க படுப்பீங்கம்மா?"

"சாக்குல படுப்போம். இது மாறாது."

கட்டில் இஸ்தோப்புக்கு, அதாவது வாசல் திண்ணைக்குப் போனது. அது கிடந்த இடத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, டிவியை வைத்தார்கள். இரவு படம் போட்டபோது காம்பராவில் கால் வைக்க இடமில்லை. மாமா சொன்னது பொய்யில்லை, முன்னால் இருந்த பிள்ளைகள் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அம்மா எல்லாருக்கும் பின்னால், அடுப்படிக் கதவோரம் உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல அவள் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு, அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

அம்மா கேட்கவே இல்லை. ஒரு இடத்தில் எனக்கு முன்னால் சிரித்தாள். இன்னொரு இடத்தில் நானாகவே, "மருமகதாம்மா அழுவுறா," என்றேன்.

"தெரியுதுடி," என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பிடிவாதம் பிடித்துப் பெரிய டிவியை வாங்கி, என்னை வேண்டாதவளாக்கிவிட்டாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டேன். அவள் கண் மங்கிக்கொண்டு வந்தது அப்போது எனக்குத் தெரியாது. அது வெளியே தெரிந்தால், விடியலில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டில் பெயர் போய்விடும், பெயர் போனால் தோட்டம் கொடுத்த காம்பராவும் போய்விடும் என்று அப்பாவிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை என்பதும் தெரியாது.

மறுநாள் விடிய மழை பெய்தது. இஸ்தோப்பில் கிடந்த கட்டில் நனைந்துவிட்டது. அம்மா கீறல் விழுந்த மட்டக்கம்பை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனாள்.