காலரும் கையும்

இடது கையை மட்டும் நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமை, குளித்து முடித்து, நகம் ஊறியிருக்கும் நேரம். சுண்டுவிரலில் தொடங்கி ஆள்காட்டி விரலில் முடிப்பேன். கட்டைவிரலைத் தொடக் கூடாது. "அது பின்னாடி நின்னு தாங்குற ஆளு. அதுக்கு எதுக்கு கட்டிங்?" என்பாள் அம்மா.

கிட்டார் பழகுகிறவரின் இடது கை நகம் சதையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விரல் நுனி கம்பியில் நேராக இறங்காது. அம்மாவால் நகவெட்டியை அழுத்த முடியவில்லை. முப்பத்தோரு வருடம் கத்தரிக்கோல் பிடித்ததில் வலது கட்டைவிரல் மூட்டு தேய்ந்துவிட்டது. அதனால் அந்த வேலை எனக்கு வந்தது. ஐந்து மாதம், இருபத்திரண்டு ஞாயிறு. கடைசி ஞாயிறும் மற்றவை போலத்தான் இருந்தது.

"இன்னும் ஒட்ட வெட்டுடி, இன்ஜினியரம்மா."

"ரத்தம் வரும்மா."

"வந்தா என் ரத்தம். நீ வெட்டு."

சலவைக் கடை ஒன்றின் முன்பக்கத்தில் அம்மாவின் ஆல்டரேஷன் மேசை இருந்தது. புதிதாக எதுவும் தைக்க மாட்டாள். பேண்ட் நீளம் குறைப்பாள், கோட்டின் இடுப்பைத் தளர்த்துவாள், ஜிப் மாற்றுவாள். பல்லில் மூன்று குண்டூசிகளைக் கடித்தபடியே பேசுவாள். வாடிக்கையாளர்கள் பதறுவார்கள், அவள் ஒன்றைக்கூட விழுங்கியதில்லை. எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தோளைப் பார்ப்பாள். "இந்தாளுக்கு இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கு பாரு. பை தூக்கற வேலை." பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கிட்டார் என்னுடையது. ஒன்பதாம் வகுப்பில் அழுது வாங்கினேன், மூன்று மாதத்தில் விட்டேன். பதினெட்டு வருடம் அலமாரியின் மேல் கிடந்தது. ஐம்பத்தேழு வயதில் ஒரு நாள் அம்மா ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கினாள். தூசியைத் துடைத்தாள். "இது யாருக்கும் வேண்டாமா? அப்ப எனக்கு," என்றாள்.

நான் எப்படிப் பழகினேன் என்பது அவளுக்கு நினைவிருந்தது. பாட்டின் தொடக்கத்திலிருந்து வாசிப்பேன். தப்பு வரும். மறுபடி தொடக்கத்திலிருந்து. முதல் வரி தண்ணீர் மாதிரி ஓடும். கடைசி வரியை நான் எட்டிப் பார்த்ததே இல்லை.

"தினம் காலர்லயே ஆரம்பிச்சா கை எப்படி வரும்?" என்றாள். சட்டைக் கையைத்தான் சொன்னாள். நான் சிரித்த பிறகுதான் தான் சொன்னதன் இன்னொரு அர்த்தம் அவளுக்கும் புரிந்தது. பல்லிலிருந்த ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அப்ப நீ கேக்கற ஆளா?"

அவள் வழி வேறு. முதல் மாதம் பாட்டே இல்லை. நான்கு பிடிகள் மட்டும். கம்பிகளை எந்தெந்த இடத்தில் சேர்த்து அழுத்த வேண்டும் என்பதுதான் பிடி. புத்தகத்தில் இருந்த ஆங்கில எழுத்துகள் அவளுக்கு ஒத்துவரவில்லை. தானே பெயர் வைத்தாள். விரல்கள் படிப்படியாக நிற்பது ஏணி. கையை விரிப்பது அகலக்கால். நெருக்கமாக உட்கார்வது முக்கோணம். ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்தும் நான்காவதற்கு, வம்பு.

பிறகு பிடிகளை விட்டுவிட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதை மட்டும் பழகினாள். "துணி ரெண்டும் நல்லாத்தான் இருக்கும். கிழியறது தையல்லதான்." ஏணியிலிருந்து வம்புக்கு. வம்பிலிருந்து ஏணிக்கு. ஒரு காலைக்கு அவ்வளவுதான். முதலில் மிக மெதுவாக. துணியை முதலில் தற்காலிகமாகச் சேர்க்கும் ஓட்டுத் தையலின் பெயரை அதற்கு வைத்தாள். தப்பு வந்தால் அதைத் தாண்டி வாசிக்க மாட்டாள். நிறுத்துவாள், தப்பிய இரண்டு விரல்களை மட்டும் எடுத்து வைத்துப் பார்ப்பாள். "கோணல் தையல் மேல தைச்சா ரெண்டு கோணல். பிரிச்சுட்டுத் தை."

பயிற்சி நேரத்தைக் கடையின் பாய்லர் தீர்மானித்தது. நீராவி இஸ்திரிக்குச் சூடேற காலையில் பதினொரு நிமிடம் ஆகும். அந்தப் பதினொரு நிமிடம் கிட்டார். பாய்லர் சத்தம் போட்டால், பாதி விரல் கம்பியில் இருந்தாலும் நிறுத்திவிடுவாள். "வலிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்தினாத்தான் நாளைக்கும் ஆசையா எடுப்போம்." வேலை நேரத்தில் கிட்டார் கோட்டுகளுக்கு நடுவே, ஒரு ஹேங்கரில் தொங்கும். ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வரும். மற்ற எல்லாவற்றையும் போல அதன் கழுத்திலும் ஒரு டெலிவரி அட்டை. கடைப் பழக்கம் என்று நினைத்தேன். படிக்கவில்லை.

நான் அழுத்தமானிகளைச் சரிபார்க்கிறவள். அளவு சொல்லாத எதையும் நம்பாத வேலை. தாளத்துக்காக அவளுக்கு ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தேன். "இது என்ன, பல்லி மாதிரி?" என்று அணைத்துவிட்டாள். வாசிக்கும்போது அவள் வலது கால் தரையை மிதித்தது, தையல் மிஷினை மிதிப்பது போல. சந்தேகப்பட்டு அளந்தேன். நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. மூன்று நிமிடம் கழித்தும் எழுபத்திரண்டு. என் பணியிடத்தில் இதைவிட மோசமான கருவிகளுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

அவளுக்கு ஒரு கெடு இருந்தது. அப்பா தண்ணீர் மீட்டர் படிப்பவர். இருபத்தெட்டாம் தேதி அவருக்குக் கடைசி வேலை நாள். அன்று மாலை அவருடன் வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை நிற்காமல் வாசிப்பது என்று அம்மா முடிவு செய்திருந்தாள். எந்தப் பாட்டு என்று சொல்லவில்லை. கேட்டுக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. அவள் வாசித்ததெல்லாம் இணைப்புகள்தான்.

"கதவுக்கு எண்ணெய் போட்டா இந்தச் சத்தம் நிக்குமா?" என்பார் அப்பா.

"உங்க வாய்க்குப் போட்டா நிக்கும்."

"எந்தப் பாட்டுன்னாவது சொல்லேன். தயாரா இருக்கேன்."

"முடிஞ்சதும் போட்டுப் பாருங்க."

"ஆபீஸ்காரங்க வர்றாங்க. என் மானத்தை வாங்கிடாதே."

"போனா கொண்டாங்க. ஆல்டர் பண்ணித் தர்றேன்."

அப்பாவுக்கு ஒரே ஒரு விசில் உண்டு. எங்கே கேட்டார் என்று அவருக்கே தெரியாத ஒரு மெட்டு. முப்பத்து மூன்று வருடம் அதை ஊதிக்கொண்டே தெருத் தெருவாகப் போனார். மூன்றாவது வரியில் ஒவ்வொரு முறையும் சுருதி கொஞ்சம் ஏறிவிடும். அவர் படியேறும் முன்பே, விசில் கேட்டு, மக்கள் கதவைத் திறந்து வைப்பார்கள்.

கடைசி ஞாயிறு, நகம் வெட்டிய பிறகு, அம்மா கிட்டாரைச் சுருதி சேர்த்தாள். மூன்றாவது கம்பியைத் தட்டிக்கொண்டு நான்காவது கம்பியின் சாவியைத் திருகினாள். சத்தம் மாறவில்லையே என்று மேலும் திருகினாள். நான்காவது அறுந்து மேசை விளக்கில் அடித்தது. அறுந்த கம்பியைப் பார்த்தாள், திருகிய சாவியைப் பார்த்தாள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "மேல் நூலை விட்டுட்டு பாபினைத் திருகியிருக்கேன் பாரு." பென்சிலை எடுத்து, கிட்டாரின் கழுத்தில் தொங்கிய அட்டையின் பின்பக்கத்தில் ஏதோ எழுதினாள். "எல்லாப் பீஸும் ரெடிடி. இனி சேர்த்துத் தைக்கிறதுதான் பாக்கி," என்றாள். மறுநாள் கிட்டாரை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை நடந்ததைச் சலவைக் கடைக்காரர் சொன்னார். "கிட்டார் இல்லேன்னு சும்மா இருக்கலைம்மா. மர ஸ்கேலை மடியில வெச்சுக்கிட்டு, அதுலயே விரலை மாத்தி மாத்தி வெச்சிட்டிருந்தாங்க." பாய்லர் சத்தம் போட்டது. ஸ்கேலை மேசையில் வைத்தாள். எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

அந்த ஞாயிறுகளை எனக்குக் கொடுத்தது அவளுடைய தேய்ந்த மூட்டு. அதற்கும் நன்றி சொல்கிறேன். பதினான்கு வயதுக்குப் பிறகு அம்மாவின் கையை அவ்வளவு நேரம் பிடித்ததில்லை. விரல் நுனிகள் வாரத்துக்கு வாரம் கெட்டிப்பட்டு வந்ததைக் கண்ணால் பார்க்கும் முன் தொட்டு அறிந்தவள் நான் ஒருத்திதான். இப்போது புதிய கருவி எது வந்தாலும் முதலில் இணைப்புகளைத்தான் சோதிக்கிறேன். தப்பு வந்தால் தொடக்கத்துக்கு ஓடுவதில்லை.

ஒரு வாரம் கழித்து அப்பா வேலைக்குத் திரும்பினார். "எல்லா வீட்டுலயும் கதவைத் தட்ட வேண்டியிருக்கு," என்றார் ஒரு நாள். இருபத்தெட்டு வந்தது, போனது. டீக்கு யாரையும் அழைக்கவில்லை.

மறுநாள் காலை பழக்கத்தில் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து கூடத்தில் நின்றார். நான் கிட்டாரை மீண்டும் அலமாரியின் மேல் வைக்க உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். அட்டை ஜிப்பில் மாட்டியது. அப்போதுதான் படித்தேன். அம்மாவின் குண்டு எழுத்து. வாடிக்கையாளர்: மீட்டர்காரர். வேலை: அவர் விசிலுக்குக் கிட்டார். டெலிவரி: 28, மாலை. கீழே பொடி எழுத்தில்: மூணாவது வரி ஏறும், அவரை மாத்த வேண்டாம், கூடவே போகணும்.

அப்பாவிடம் நீட்டினேன். மீட்டர் எண்ணைப் படிப்பது போலக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். நெடுநேரம் படித்தார். பிறகு திருப்பினார். பின்பக்கத்தில் ஒரே வரி: நாலாவது கம்பி, ஒண்ணு, வாங்கணும்.

"இது ஒத்தையா கிடைக்குமா?"

"கிடைக்கும்பா."

அட்டையைச் சட்டைப் பையில் வைத்தார். வாசல் வரை போனார், கடிகாரத்தைப் பார்த்தார், திரும்பி வந்தார். "கடை பத்து மணிக்குத்தான் திறப்பான்," என்றார்.

ஜன்னலோரம், அம்மா உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். டப்பாவிலிருந்து நகவெட்டியை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டு, இடது கையை மட்டும் நீட்டினார்.