சலவையறையில் வெடித்த பியர்

எழுபதுகளில் மெல்பேர்னில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், கழிப்பறைக்குப் போவதென்றால் சலவையறைக்குள்ளால்தான் போகவேண்டும். வேறு வாசல் இல்லை.

என் கணவர் டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். அங்கே பலர் வீட்டிலேயே பியர் வடித்தார்கள். அவர்களில் ஒருவர், மனைவி பொறுக்கமாட்டாமல் சத்தம் போட்டதால், தன் சாமான்களை எல்லாம் இவர் தலையில் கட்டிவிட்டார். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் வாளி, ரப்பர் குழாய், போத்தலுக்குத் தகர மூடி அடிக்கிற கைப்பொறி, முளைத்த பார்லியில் காய்ச்சிய மோல்ட் பாகு இரண்டு டின், சில பக்கற் ஈஸ்ட். டின்களின் லேபிள் மஞ்சளாகிப் போயிருந்தது. ஈஸ்ட் எந்தக் காலத்தியது என்று கொடுத்தவருக்கே தெரியாது. வெறும் போத்தல்களை இவர் பியர் விற்கிற ஒரு ஹோட்டலின் பின்புறத்தில் கேட்டு வாங்கி வந்து, சோடாக்காரம் போட்டுக் கழுவினார்.

பாகையும் சீனியையும் வாளியில் கரைத்து ஈஸ்ட்டைத் தூவினார். ஒன்றும் நடக்கவில்லை. வேலையால் வந்ததும் முதல் வேலையாக மூடியைத் தூக்கிப் பார்ப்பார். ஒருநாள் மெல்லிய நுரை எழுந்தது. அதுவும் அடங்கிவிட்டது.

"முடிஞ்சுது. இனிப் போத்தலிலை அடைக்கலாம்," என்றார்.

"இவ்வளவுதானோ பியர்?"

"ஈஸ்ட் கிழடாப் போச்சு. அப்பத்துக்குக் கரைச்ச மா பொங்காட்டில் நீர் என்ன செய்வீர்? சீனி கொஞ்சம் கூடப் போட்டு, சூடான இடத்திலை மூடி வைப்பீர். அதைத்தான் நானும் செய்யப்போறன்."

ஒவ்வொரு போத்தலிலும் சீனியைத் தாராளமாகப் போட்டு மூடி அடித்தார். சலவையறையில் சுடுநீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் அடுக்கி, மேலே ஒரு கம்பளிப் போர்வையும் போட்டார். மாச்சட்டியின் மூடி பேருக்குத்தான் மேலே கிடக்கும், பொங்கினால் வழிந்துபோகும். அடித்த தகர மூடி அப்படி விடாது. இது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு வெயில் வந்தது. பாலைவனச் சூட்டை அள்ளிவரும் வடக்குக் காற்று வீசிய ஒரு ஞாயிறு மத்தியானம், பதினொரு வயது மகள் கொமிக் புத்தகத்தோடு கழிப்பறைக்குப் போனாள். நான் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். உடனே இன்னொன்று. சலவையறைக் கதவின் கீழால் மண்ணிற நுரை வழிந்து வந்தது.

இவர் கதவைத் திறந்தார். மற்றொன்று வெடித்தது. கண்ணாடித் துண்டு ஒன்று நிலையில் குத்தி நின்றது. கதவைச் சாத்திவிட்டார்.

"பிள்ளை உள்ளுக்கை," என்றேன்.

அவளுக்கும் அந்தப் போத்தல்களுக்கும் இடையில் மெல்லிய பலகைக் கதவு ஒன்று மட்டும்தான் இருந்தது. அதன் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

"பூட்டு! கதவைப் பூட்டு!" இது என் குரல்தான்.

"வட் இஸ் இற், அம்மா?" அவளுக்கு வாயில் இங்கிலீஷ்தான் முதலில் வரும்.

"அப்பான்ரை பியர் வெடிக்குது. கதவைத் திறந்தியோ, என்னட்டை அடி வாங்குவாய்."

"ஓல் ஒஃப் இற்?" எல்லாமுமா என்று கேட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது போலிருந்தது. தாழ்ப்பாள் திரும்ப விழுந்தது.

இவர் பனிக்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சோற்றுப் பானையின் மூடியைக் கையில் பிடித்தபடி வந்தார். "நான் ஓடிப்போய்த் தூக்கியாறன்."

"தூக்கிக்கொண்டு திரும்பி வரேக்கை?"

அவர் பானை மூடியைக் கீழே இறக்கினார்.

பக்கத்து வீட்டு இத்தாலியர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "யாரைச் சுடுகிறாய்? மனைவியையா?" என்று கத்தினார். நடந்ததைச் சொன்னதும் வேலியைத் தாண்டி வந்துவிட்டார். கழிப்பறையின் சின்ன ஜன்னலில் கண்ணாடிப் பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செருகியிருந்தன. அவரும் இவரும் வெளியில் நின்று அவற்றை உருவி உருவி என் கையில் தந்தார்கள். நான் புல்லில் அடுக்கினேன். ஒழுங்காக, ஓரம் பார்த்து அடுக்கினேன்.

மகள் கழிப்பறைக் கோப்பையின் மேலே ஏறித் தலையை நீட்டினாள். பாதி வெளியே வந்தபோது உள்ளே இன்னொன்று வெடித்தது. இத்தாலியர் அவளைக் கக்கத்தில் பிடித்து ஒரே இழுவையாக இழுத்தார். முழங்கால் சிராய்ந்தது. வேறு ஒன்றுமில்லை.

"என்ரை புத்தகம் உள்ளுக்கை," என்றாள்.

நான் அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. அழவுமில்லை. குசினிக்குப் போய், கருகின கத்தரிக்காயைக் கொட்டிவிட்டு வேறு வெட்டத் தொடங்கினேன்.

மறுநாள் குளிர்ந்த பிறகு இவர் மிச்சப் போத்தல்களை ஈரச் சாக்கால் மூடி, ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றினார். கழிப்பறைக் கதவின் வெளிப்பக்கத்தில் கண்ணாடிச் சில்லுகள் குத்தி நின்றன. மூன்று, நான்கு, அவள் கழுத்து உயரத்தில். இவர் குறட்டால் அவற்றைப் பிடுங்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். தோன்றவில்லை. பிறகும் கன நாளைக்குத் தோன்றவில்லை.

சாமான்களை இவர் குப்பையில் போட்டார். சலவையறையில் இப்போது சுடுநீர்த் தாங்கியையும் உடுப்புத் தோய்க்கும் மெஷினையும் தவிர வேறு ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் கழிப்பறைக்குப் போனால், கையில் இருந்ததை வைத்துவிட்டு நானும் பின்னால் போய்க் கதவுக்கு வெளியே நிற்பேன்.

"அம்மா, ஆர் யூ ஸ்ராண்டிங் தெயர்?"

"இல்லை," என்றேன்.

"தென் கோ அவே."

நான் போகவில்லை.