கை வைத்ததும் சுட்ட வண்டி

என் தங்கைக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் தெர்மாமீட்டர். குழந்தைகள் வார்டில் பதினோரு வருடமாக நர்ஸ். பாலோ இஸ்திரிப் பெட்டியோ, புறங்கையை வைத்துப் பார்க்காமல் விடமாட்டாள். ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரியில் அவளைத் தலைமை நர்ஸாகப் போட்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும், முதல் பஸ்ஸோ ஆறரைக்குத்தான். திங்கட்கிழமைக்குள் வண்டி கிடைக்காவிட்டால் அந்தப் பதவி அடுத்தவளுக்குப் போய்விடும்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பார்க்க நடந்தே கிளம்பினோம். வண்டி வாங்குவதற்கு முன்பே அவள் தலையில் ஹெல்மெட்.

"கழட்டுடி, ஜனங்க சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும்ண்ணே. திங்கட்கிழமை யார் சிரிக்கிறாங்கன்னு பார்ப்போம்."

வண்டிக்காரர் ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார். முதுகுவலி, அதனால் விற்கிறார். "மூணு மாசமா வெளிய எடுக்கவே இல்ல. ஞாயித்துக்கிழமை மட்டும் ஸ்டார்ட் பண்ணி வைப்பேன். ஆனா பாருங்க, பெட்ரோல் மட்டும் ஆவியாப் போயிடுது" என்றார்.

மாடிப்படிக்கு அடியில் கருநீல வண்டி பளபளவென்று நின்றது. தங்கை என் கையைக் கிள்ளியே விட்டாள். வண்டி விஷயத்தில் நான் கரைகண்டவன் என்று எனக்கு ஒரு நினைப்பு. நான் வைத்திருப்பது என்னவோ மூக்குக்கண்ணாடிக் கடை. டயரை அழுத்தினேன், செயினை ஆட்டினேன், ஆயிலை விரலில் தொட்டு மோந்தேன். எல்லாம் பிரமாதம். உதைக்கக் காலைத் தூக்கினேன்.

"இரு" என்று குனிந்து இன்ஜினில் புறங்கையை வைத்தவள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. கிளம்ப அடம்பிடிக்கிற வண்டியை, வாங்க வருகிறவன் வருமுன் சூடாக்கி வைத்துவிட்டால் ஒரே உதையில் கிளம்பும். அப்புறம் விடிகாலைக் குளிரில் கழுத்தறுக்கும்.

"சார், இன்னிக்கு வண்டிய எடுத்தீங்களா?"

"தொடவே இல்லம்மா."

"இன்ஜினுக்கு நூத்தி மூணு டிகிரி இருக்கு சார். பொய் சொல்லாதீங்க."

வாத்தியாருக்கு முகம் சிவந்தது. "முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவன்மா நான்!"

"வாடி போலாம்" என்றேன். அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"அவர் எடுக்கல. நான்தான் எடுத்தேன்."

சமையலறை வாசலில் வாத்தியார் மனைவி, கையில் கரண்டியோடு.

"எதை எடுத்தே?" என்றார் வாத்தியார்.

"வண்டியத்தான். தினமும் நீங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள தெருமுனை வரைக்கும் தள்ளிட்டுப் போய், ஒரு சுத்து. இன்னிக்கு வித்துடுவீங்களேன்னு ரெண்டு சுத்து போனேன். உள்ள விட்டு அரை மணிகூட ஆகல."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"லைசென்ஸே இருக்கு. நீங்க கேட்டதில்ல."

வாத்தியார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப பெட்ரோல்..."

"ஆவியாத்தான் போச்சு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தங்கை சிரிக்கவில்லை, அவளுக்குக் காரியத்தில்தான் கண். "அக்கா, குளிர்ல எத்தனை உதை?"

"சோக் லீவர இழுத்துட்டு ரெண்டு. மழை நாள்ல மூணு. நாலாவது உதை உதைச்சதே இல்ல."

"எடுத்துக்கறேன்!" என்று குதித்தாள். விலை பேசுவதற்கு நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த வசனமெல்லாம் வீணாய்ப் போனது.

வாத்தியார் தன் மனைவியைப் பார்த்தார். "விக்கவா?"

"குடுங்க. அவங்க வேலைக்குப் போகணும். நான் சும்மாதானே சுத்தினேன்." சொன்னாளே தவிர, வண்டிப் பக்கம் வந்து சீட்டின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

தங்கை அதைப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டை அவளிடம் நீட்டினாள். "எங்க வீடு வரைக்கும் நீங்களே ஓட்டிட்டு வாங்கக்கா. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

"இப்பவா? தெருவே முழிச்சிருக்குமே!"

"முழிச்சிருக்கட்டும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே உதை. வண்டி உறுமியது. என் தங்கை பின்னாலிருந்து, "அண்ணே, வேலை கிடைச்சாச்சு!" என்று கத்தியதில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கடைக்காரன், சைக்கிள்காரன் எல்லோரும் திரும்பிப் பார்க்க, வாத்தியார் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து, முனையில் சர்ரென்று வளைத்துத் திரும்பினாள்.

வாத்தியார் முதுகைப் பிடித்தபடி நடுத்தெருவில் நின்றார். வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகும் உள்ளே வரவில்லை.

"இவ்வளவு நல்லா ஓட்டுறா" என்றார் என்னிடம். "இத்தனை நாள் தூங்கிட்டு இருந்திருக்கேனே சார்."