கறுத்த நடுப்புள்ளி

என் அண்ணனுக்கு அடிபட்டால் ரத்தம் எளிதில் உறையாது. பிறவியிலேயே வந்த நோய். வெளிக்காயத்தைவிட மூட்டுக்குள் கசியும் ரத்தம்தான் அவரைப் படுத்தியது. முப்பது வயதில் வலது முழங்காலை மடக்கச் சிரமப்பட்டார். எங்கள் ஊரின் செங்கம் ரோட்டில் எஸ்டிடி பூத் வைத்திருந்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தீங்கு செய்யாத வைரஸின் கூட்டுக்குள் நல்ல மரபணுவை வைத்து உடலுக்குள் அனுப்பும் ஆராய்ச்சி. அண்ணனுக்கு இருந்த அதே நோய்க்கு. கூட்டுக்குள் மரபணு இருக்கிறதா என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது என் பொறுப்பு. சாயமிட்டுப் பார்த்தால் நிறைந்த கூடு முழுக்க வெளுப்பாகத் தெரியும். காலிக் கூட்டின் நடுவில் சாயம் இறங்கிக் கறுத்திருக்கும்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது பெருமை தாங்காமல் சொல்லிவிட்டேன்.

"உன் நோய்க்குத்தாண்ணா மருந்து செய்றோம்."

"நெஜமாவா? எப்போ வரும்?"

"சீக்கிரம் வந்துடும்."

அப்போது எலிகளுக்கே ஊசி போட ஆரம்பித்திருக்கவில்லை. அதை நான் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபின் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த ஆண்டு சோதனைக்கு வந்த கூடுகளின் தொகுதியில் எங்கு பார்த்தாலும் கறுத்த நடுப்புள்ளிகள். தலைமை விஞ்ஞானி, "நல்லா இருக்கிற இடமா பாத்து நாலு படம் எடுங்க" என்றார். நான் எல்லா இடத்தையும் படமெடுத்து, பெரும்பாலும் காலி என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதற்குப் பின் செய்த தொகுதியும் அப்படியே இருந்தது. ஆராய்ச்சியை மூடிவிட்டார்கள். ஒருவரும் என்னைப் பாராட்டவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

ஊருக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அண்ணிதான் பேசினார்.

"சென்னை ஆஸ்பத்திரில கால் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்தாங்க. தங்கச்சி மருந்து வருது, எதுக்குக் கத்தி வைக்கணும்னு இவர் போகல. இப்போ ரொம்ப லேட் ஆயிடுச்சு, கால் நீட்டினபடியேதான் இருக்கும்னு சொல்லிட்டாங்க."

"எனக்குத் தெரியாது அண்ணி."

"நீ எப்போ கேட்ட?"

எலி விஷயத்தையும் அன்றுதான் சொன்னேன். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார்.

காலி என்று ஆய்வகத்தில் தயங்காமல் எழுத முடிந்த எனக்கு, வீட்டில் ஓர் உண்மை வாய்வரை வரவில்லை. அண்ணன் இன்றுவரை என்னைத் திட்டியதில்லை. என் வேலையைப் பற்றிக் கேட்பதுமில்லை. நான் போன் செய்தால், "சாப்ட்டியா?" என்று கேட்டு, போனை அண்ணியிடம் கொடுத்துவிடுவார்.