புளி போட்டு விளக்கிய செம்புக் காசுகள்

என்னுடைய திருவிதாங்கூர்ச் செம்புக் காசுகளின் சேகரம் 2022 நவம்பரில் முடிந்தது. முடிந்தது என்று சொன்னவன் நான்தான். சேகரிப்பவனைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்ல முடியாது. அவன் சொல்வதையும் யாரும் நம்ப வேண்டிய அவசியமில்லை.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. என் தகப்பனார் சிறுவனாகச் சந்தைக்குப் போன காலத்தில் மடியில் இருந்தவை காசும் சக்கரமும். பதினாறு காசு ஒரு சக்கரம். அதற்கு மேலே வெள்ளியில் பணம் என்ற நாணயமும் அரை ரூபாயும் உண்டு. வெள்ளிப் பக்கம் போனால் ஓய்வூதியம் தாங்காது என்பதால் எல்லையை நானே வகுத்துக்கொண்டேன். செம்பு மட்டும், அதிலும் இயந்திரத்தில் அடித்தவை மட்டும், ஒவ்வொரு வகையிலும் ஒன்றே ஒன்று. எல்லை வகுக்காதவனுக்கு முடிவு என்பதே வராது.

எனக்கு வருடம் முக்கியம். வீட்டில் குடை வாங்கினால்கூட அதன் உள்மடிப்பில் தேதி எழுதி வைப்பவன் நான். இந்தச் செம்புக் காசுகள் பெரும்பாலானவற்றிலோ வருடமே கிடையாது. சங்கு எப்படி வளைந்திருக்கிறது, மன்னரின் பெயர் எழுத்துகள் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பார்த்துத்தான் காலத்தைப் பிரிக்க வேண்டும். அதற்காகவே எத்தனையோ மதியங்களைப் பூதக்கண்ணாடியோடு கழித்திருக்கிறேன்.

சேகரிப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. கிடைத்ததை வைத்து இடத்தை நிரப்பி, அதோடு நிம்மதி அடைகிறவர்கள் ஒரு கட்சி. நிரப்பிய பிறகு ஒவ்வொன்றையும் கழற்றி அதைவிட நல்லதாக மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இன்னொரு கட்சி. நான் முதல் கட்சிக்காரன் என்றுதான் நினைத்திருந்தேன். என் காசுகள் தேய்ந்தவை. பலவற்றில் சங்கு பாதிதான் தெரியும். ஆனால் எல்லாமே ஒரே சீரான தவிட்டு நிறம். அந்த நிறத்துக்காக ஒரு தலைமுறைக் காலம் காத்திருக்க வேண்டும்.

கடைசிக் காசு தபாலில் வந்த அன்று அதை ஆல்பத்தில் அதற்கான குழியில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

“முடிஞ்சாச்சு.”

“என்ன முடிஞ்சுது?”

“காசு. எல்லாம் கிடைச்சாச்சு. இனி வாங்க ஒண்ணும் இல்ல.”

“நெசமாட்டா? அப்பம் தபால்காரனுக்குத்தான் வருத்தம். நம்ம வீட்டுக்கு வந்தே அவனுக்க சைக்கிள் தேஞ்சுது.”

அவள் சிரித்தாள். ஆனால் நான் சொன்னதை அவள் எவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொண்டாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் மகள் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தேன். அந்த வாரம் எங்கள் கிறிஸ்தவ சபையில் அசனம். ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. சமைப்பதும் பரிமாறுவதும் ஆண்கள். பந்தி முடிந்ததும் அண்டாக்களும் வார்ப்புகளும் பெண்கள் கைக்கு வரும். புளியும் சாம்பலும் போட்டு விளக்கி, வெயிலில் கவிழ்த்து வைப்பார்கள். கடைசி வார்ப்பு கவிழ்ந்த பிறகுதான் அசனம் முடிந்ததாகக் கணக்கு. அதுவரை முடிந்தது என்று யாராவது சொன்னால், அங்கிருக்கிற பெண்கள் அவனைச் சும்மா விடமாட்டார்கள். என் மனைவி பல வருடங்களாக அந்தக் கூட்டத்தில் முன்னால் நிற்பவள்.

நான் பையோடு உள்ளே வந்தபோது மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஆல்பத்தைத் திறந்து வைத்திருந்தாள். எல்லாக் காசும் புதுச் செம்புக் கம்பியைப் போல இளஞ்சிவப்பாகப் பளபளத்தன.

“பாத்தியளா, சங்கு எப்பிடித் தெளிஞ்சு கெடக்குன்னு? ஒண்ணுகூட இடம் மாறல்ல. ஒவ்வொண்ணா எடுத்து, தேய்ச்சு, தொடச்சு, எடுத்த குழியிலேயே வச்சேன். நீங்க திட்டுவியளோன்னு பேடியாத்தான் இருந்துச்சு.”

நான் பையைக் கீழே வைத்தேன்.

“முடிஞ்சாச்சுன்னு சொல்லிட்டு அழுக்கோட போட்டு வச்சிருந்தியளே. முடிஞ்சா விளக்கிக் கவுத்தாண்டாமா?”

அவள் விரல் நுனிகள் புளியில் ஊறி வெளுத்திருந்தன. வலது கட்டைவிரலில் தோல் வெடித்திருந்தது. நான் சொன்னேன், “நல்லா இருக்கு.”

காசு சேர்க்காதவர்களுக்கு இது புரியாமல் போகலாம். செம்புக் காசின் மேல் காலம் போட்ட அந்தத் தவிட்டு நிறத்தை எடுத்துவிட்டால் திரும்ப வராது. மறுபடி கறுக்கும், ஆனால் திட்டுத் திட்டாகக் கறுக்கும். சேகரிப்பவர் யாரும் விளக்கிய காசைக் கையால் தொட மாட்டார்கள். அவள் என் சேகரத்தை அழகுபடுத்தவில்லை, அழித்திருந்தாள். அதற்காக ஒரு நாள் முழுவதும் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். அன்றே சொல்லியிருக்கலாம். மறுநாளாவது சொல்லியிருக்கலாம். நாள் ஆக ஆக, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

சொல்வதற்குப் பதிலாக நான் கட்சி மாறினேன். இருப்பதைவிட நல்ல காசாக மாற்றுவது சேகரிப்பவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலில் மாற்றியது எட்டுக் காசு, அதாவது அரைச் சக்கரம் மதிப்புள்ள ஒற்றை நாணயம். நாகர்கோவிலில் பழைய நாணயம் வாங்கி விற்கும் ஒருவரிடம், விளக்கிய காசைக் கொடுத்து, கூடக் கொஞ்சம் போட்டு, நிறம் கெடாத ஒன்றை வாங்கினேன். அவர் என் காசைத் திருப்பிப் பார்த்து முகம் சுளித்தார்.

“இத எவன் சார் புளியில போட்டான்?”

“கிடைச்சப்பவே அப்படித்தான் இருந்தது.”

“கன்னியாகுமரிக்குக் குடுத்து விடுவேன். டூரிஸ்டுக்குப் பளபளன்னு இருந்தாத்தான் போகும்.” அதைச் சங்குவளையும் சிப்பிச் சங்கிலியும் கிடந்த ஒரு கூடையில் போட்டார்.

எவன் என்று அவர் கேட்டதுதான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காதில் இருந்தது. அவளுக்கு வசவு விழுகிற இடத்தில் அவளை எனக்குத் தெரியவே தெரியாததுபோல் பேசிவிட்டேன்.

அதன் பிறகும் நிறுத்தவில்லை. அவள் சபையின் பெண்கள் கூட்டத்துக்குப் போகிற பிற்பகல்களில் ஒவ்வொன்றாக மாற்றினேன். இரண்டு வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று. புதிதாக ஒரு நல்ல காசை வைக்கும்போது வழக்கமாக வருகிற சந்தோஷம் வரத்தான் செய்தது. ஆல்பத்தை மூடும்போது அது இருக்காது. கூட்டம் முடிந்து வந்து, “என்ன செய்திட்டிருந்தியள்?” என்று அவள் சாதாரணமாகக் கேட்டால்கூட, “சும்மாதான்” என்று அவசரமாகச் சொல்லுவேன். அவள் ஆல்பத்தைத் திறப்பதே இல்லை. அவளைப் பொறுத்தவரை விளக்கிக் கவிழ்த்த பாத்திரம் அது. திறந்து பார்க்க என்ன இருக்கிறது?

போன வருடம் அவளுடைய தம்பி மஸ்கட்டிலிருந்து விடுமுறையில் வந்து இரண்டு நாள் எங்களோடு இருந்தான். முதல் நாள் மத்தியானம் நானும் அவனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ பழைய காசுக்குப் போயிற்று.

“ஏலே, அத்தானுக்க காசு நீ பாக்கல்லல்லா? நாந்தான் விளக்கி வச்சிருக்கேன். இரு, காட்டுதேன்.”

நான் தடுப்பதற்குள் அலமாரியைத் திறந்துவிட்டாள். என் கை முழுக்க மீன்குழம்பு. “சாப்பிட்டு முடிக்கட்டும்” என்றேன். அவள் காதில் விழவில்லை. தம்பி பக்கத்தில் நின்று ஆல்பத்தைத் திறந்தாள். முதல் பக்கம் முழுவதும் தவிட்டு நிறம்.

“இதென்ன, கறுத்துப் போச்சே.”

தம்பி எட்டிப் பார்த்தான். “இதையா விளக்கி வச்சிருக்க? நம்ம பழைய வீட்டுக் கெணத்து வாளி இதவிட வெளுப்பா இருக்குமே அக்கா!”

“சும்மா கெடலே. அன்னைக்குப் பாத்தா கண்ணு கூசும். அத்தான்ட்ட கேளு.”

அவன் என்னைப் பார்த்தான். நான் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பக்கங்களைத் திருப்பினாள். மூன்று பக்கம் தவிட்டு நிறம். நான்காவதில் அவள் விளக்கியவை மட்டும். அவையும் ஓரங்களில் திட்டுப் பிடிக்கத் தொடங்கியிருந்தன, ஆனாலும் சிவப்பு தெரிந்தது. அந்தப் பக்கத்தையும் முந்தைய பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சிலது அப்பிடியே இருக்கு. கறுத்ததெல்லாம் நான் ஒழுங்காத் தொடச்சிருக்க மாட்டேன். ஈரம் நின்னிருக்கும். கை வலியில ஏனோதானோன்னு தேய்ச்சிருக்கேன்.” பிறகு என்னைப் பார்த்து, “நீங்க ஒண்ணும் சொல்லல்லியே, இப்பிடிக் கறுத்துட்டுதுன்னு” என்றாள்.

“செம்பு அப்படித்தான்” என்றேன்.

தம்பி கடல் காற்றைக் காரணம் சொன்னான், மஸ்கட்டில் தன் காருக்கு என்ன ஆயிற்று என்று கதை சொன்னான். என் கையில் குழம்பு காய்ந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் இருக்கும்போது சொல்லக் கூடாது, தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். தனியாக இருக்க அன்று நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

மறுநாள் காலை நான் அடுக்களைக்குப் போனபோது ஒரு கிண்ணத்தில் புளி ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆல்பம். அவள் உள்ளங்கையில் ஒரு எட்டுக் காசு. நான் முதன்முதலில் மாற்றிய காசு.

“அத வை” என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

“அவன் சிரிச்சிட்டாம்லா. போறதுக்கு முந்தி இந்தப் பக்கத்தையாவது தேய்ச்சுக் காட்டணும்.”

“தேய்க்கக் கூடாது.”

“அன்னைக்குத் தேய்ச்சேனே. நல்லாருக்குன்னு சொன்னியளே.”

“அன்னைக்கும் தேய்ச்சிருக்கக் கூடாது.”

அவள் கையில் இருந்ததைப் பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பினாள். “அப்பம் இது?”

“இது வேற. மாத்தினது.”

“எல்லாத்தையுமா?”

“பாதிக்கு மேல.”

“நான் தேய்ச்சது எங்க?”

“கடைக்காரர்ட்ட குடுத்தாச்சு.”

அவள் காசை அதன் குழியில் திரும்ப வைத்தாள். விரல் நுனியால் விளிம்பைப் பிடித்து, மெதுவாக, சரியான குழியில். குழாயைத் திறந்து கை கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டேதான் பேசினாள்.

“காசு போனாப் போட்டும். நேத்து அவன் முன்னால நான் எனக்க கையக் குத்தம் சொல்லிட்டு நின்னேன். நீங்க மீன்முள்ளு எடுத்திட்டிருந்தியள்.”

நான் ஆல்பத்தை மூடினேன்.

ஊறப் போட்ட புளியைப் பிழிந்து அன்றைய குழம்பில் விட்டாள். சாப்பிடும்போது தம்பி, “எங்க அக்கா, தேய்ச்சியா?” என்று கேட்டான். “தேய்ச்சா மதிப்புக் கொறையுமாம்லே. அத்தான் இப்பத்தான் எங்கயோ படிச்சாராம்” என்றாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. காட்டிக் கொடுத்திருந்தால் அந்தச் சாப்பாடு கொஞ்சம் எளிதாக இறங்கியிருக்கும்.

அதோடு மாற்றுவதை நிறுத்தினேன். நான்காம் பக்கம் அப்படியே இருக்கட்டும், இதுதான் முடிவு என்று தீர்மானித்தேன். ஆனால் அந்தத் தீர்மானத்தில் எனக்கே நம்பிக்கையில்லை. முதலில் முடிந்தது என்று சொன்னபோது எனக்கு நிறைவு இருந்தது. இப்போது பயத்தினால் முடித்துக்கொண்டேன். அவளுக்குச் செய்ததற்கு ஒரு பக்கத்தைத் தண்டமாகக் கட்டிவிட்டதாக உள்ளுக்குள் கணக்கு எழுதிக்கொண்டேனோ என்றும் தோன்றியது.

சில மாதம் கழித்துக் கடைக்காரர் படம் ஒன்று அனுப்பினார். ஒரு சக்கரம், சங்கின் ஒவ்வொரு வரியும் தெரிகிற காசு. நான்காம் பக்கத்தில் இருப்பதற்குப் பதிலாக வைக்கத் தகுந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டு வேண்டாம் என்றேன். மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“காசுக்காரரா?”

“ஆமா. ஒரு சக்கரம் வந்திருக்காம். வேண்டாம்னு சொல்லியாச்சு.”

“எதுக்கு?”

“இருக்கதே போதும்.”

“எனக்காட்டு வேண்டாம்னு சொல்லாதிங்க. பெறவு அதையும் மனசுல வச்சிட்டு நடப்பியள்.” கீரைக் காம்பை முறத்துக்கு வெளியே போட்டாள். “வேணும்னா வாங்குங்க. மாத்தும்போ என்னக் கூப்பிடுங்க. அவ்வளவுதான்.”

வாங்கினேன். வந்ததும் கூப்பிட்டேன். இரண்டு சக்கரத்தையும் மேசையில் அருகருகே வைத்தேன். அவள் பூதக்கண்ணாடியை வாங்கிப் புதியதைப் பார்த்தாள். பிறகு தன்னுடையதை. அதை வெகுநேரம் பார்த்தாள்.

“இதுல சங்குக்கு நுனியே இல்லியே. நான் தேய்ச்சதுல போனதா?”

இல்லை என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

“கொஞ்சம் முந்தியே தேஞ்சிருந்தது. மிச்சம் நீ தேய்ச்சதுல போனதுதான்.”

“ம்” என்றாள். கண்ணாடியை என்னிடம் தந்துவிட்டு, எது எந்தக் குழிக்கு என்று சொல்லாமல், அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இதை எழுதும்போது இரண்டும் மேசையில்தான் இருக்கின்றன. ஆல்பத்தில் அந்தக் குழி காலி. புதியதை வைக்க அவள் மறுக்க மாட்டாள், எனக்குத் தெரியும். கை போகவில்லை. சேகரம் முடிந்துவிட்டதா என்று யாராவது கேட்டால், ஒன்று குறைகிறது என்று சொல்லி வருகிறேன்.